முப்பது பௌர்ணமிச் சோறு

எங்கள் அம்மன் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்குகிறது. பச்சைப் பூச்சில் மஞ்சள் எழுத்து. பௌர்ணமி அன்னதானம், உபயம் என்று போட்டு, இங்கே ரங்கூனில், லான்மடாவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரின் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே முப்பது பௌர்ணமிக்குச் சோறு போட்ட பணம் என்னுடையது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோர்ட்டு வரை போய் வந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் தைக்கிறவள். பபேடானில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே என் மிஷின் கிடக்கிறது. கைலி மாதிரி கட்டுகிற லோன்ஜி விற்கிற கடையில் துணியை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிக் கொடுப்பது என் வேலை. பெண்கள் கட்டுகிற தமீன் என்றால் மேலே கறுப்புத் துணியில் இடுப்புப் பட்டியும் வைக்க வேண்டும். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று இந்த ரங்கூனில் யாருக்கும் தெரியாததால், கால் மிஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் வாங்கிய மனை, அதில் ஒரு மரப்பலகை வீடு. காலையில் படகேறி வருவேன், சாயங்காலம் படகேறிப் போவேன்.

கொரோனா முற்றிப்போயிருந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. எந்த ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. துணிக்கடைப் பெரியவரிடம் ஓடினேன். அவர் கடைத் துணியை இருபது வருஷமாக நான்தான் தைத்தேன்; என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், நானும் அண்ணே என்பேன். பதினைந்து லட்சம் சாட் எடுத்துக் கொடுத்தார். பர்மிய மொழியில் ஒரு பத்திரம் எழுதி, அடையாள அட்டையில் இருக்கிற என் பர்மாப் பெயரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று சிலிண்டர் வாங்கினோம். மூன்றாவது பாதி இருக்கும்போதே என் மனுஷன் போய்விட்டார். மீதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பையன் பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து, கடனை எப்படிக் கட்டுவது என்று கேட்கப் போனேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கையில் திருப்பி வாங்கத் தயங்குவார்கள். கோயில் வழியாகப் போனால் தோஷமில்லை என்பார்கள். பெரியவரும் அதைத்தான் சொன்னார்.

“வட்டி கிட்டி ஒண்ணும் வேணாம் தங்கச்சி. அம்மனுக்கு எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. மாசாமாசம் பௌர்ணமிக்கு என் பேர்ல அன்னதானத்துக்கு அம்பதாயிரம் கட்டிடு. முப்பது பௌர்ணமி. அதோட தீந்துச்சு. எனக்குப் புண்ணியம், உனக்குக் கடன் போச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு மனுஷனா என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முப்பது பௌர்ணமியும் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். சில மாதம் மகளின் சம்பளமும் சேர்ந்து போயிற்று. கோயில் கவுண்டரில் செயலாளர்தான் உட்கார்ந்து ரசீது கிழிப்பார். என்னைக் கண்டதும், “பெரியவர் கடனைக் கட்ட வந்துட்டியாம்மா?” என்று சிரிப்பார். ரசீதில் பெரியவர் பெயரை எழுதுவார். நான் அந்த ரசீதையும், விபூதி குங்குமத்தையும், ஒரு பொட்டலம் சர்க்கரைப் பொங்கலையும் கொண்டுபோய் லான்மடாவில் அவர் கையில் கொடுப்பேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டுக்குத் தெரியாமல் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டு அந்தப் பொங்கலைத் தின்பார். அரிசி விலை எங்கேயோ ஏறிப்போய், ஐம்பதாயிரத்துக்கு ஒரு மூட்டை வந்த காலம் மாறி, அரை மூட்டைகூட வராத நிலை வந்தது. அப்போதும் அவர் ஒரு வார்த்தை கூட்டிக் கேட்கவில்லை.

முப்பதாவது ரசீதைக் கொடுத்த அன்றைக்குப் பத்திரத்தைக் கேட்டிருக்க வேண்டும். அவரே சொன்னார், “பொட்டிச் சாவி மகன்கிட்ட இருக்கு, அவன் வந்ததும் எடுத்துத் தர்றேன்.” சரி அண்ணே என்று வந்துவிட்டேன். மறுபடி போய்க் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று கூச்சம். ஊரெல்லாம் வாய் பேசுகிற நான், பேச வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். அந்த மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் நான் அழுத அழுகை அவர் சொந்தத் தங்கைகூட அழவில்லை.

அவர் போய் நாலு மாதத்தில் கோர்ட்டு ஆள் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். கையில் கடிதாசு. எனக்குப் பர்மியப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு, படிப்பதுதான் எழுத்துக்கூட்டி. மகள் செல்போன் கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது, நான் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில்தான் பதில் சொல்வாள். அவள்தான் வந்து படித்துச் சொன்னாள். பெரியவரின் மகன் என்மேல் வழக்குப் போட்டிருக்கிறான். பதினைந்து லட்சம் அசல், அதற்கு வட்டி, கோர்ட்டுச் செலவு. கட்டவில்லை என்றால் டாலா வீட்டை ஜப்தி செய்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

“அமே, வீடு போயிடுமா?” என்று மகள் கேட்டாள்.

“எவன் எடுக்கிறான்னு பாக்குறேன்,” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ஒரு தமீனுக்கு இடுப்புப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன்.

மறுநாள் துணிக்கடைக்குப் போனேன். மகன் சின்ன வயதிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிட்டவன். அவன் பள்ளிக்கூடப் பச்சை லோன்ஜியெல்லாம் நான் தைத்ததுதான். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“பெட்டியில பத்திரம் இருந்துச்சு அத்தை. கடன் தீந்திருந்தா அப்பா ஏன் வச்சிருக்காரு?”

“முப்பது ரசீது அதே பெட்டியில இருக்குமே தம்பி.”

“இருக்கு. எல்லாம் அப்பா பேர்ல இருக்கு. உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க. அப்படியே நீங்கதான் குடுத்தீங்கன்னு வச்சுக்குவோம். அந்தக் காசுக்கு இப்ப என்ன மதிப்பு? எனக்கும் கடையில வியாபாரம் இல்ல. நாலு பக்கம் கடன்.”

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. கடை அலமாரியில் பாதிக்குமேல் காலியாக இருந்ததை நானும் பார்த்தேன். அதற்காக என் வீட்டைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

நேரே கோயிலுக்குப் போய்ச் செயலாளரைப் பிடித்தேன். முப்பது தடவை ரசீது கிழித்த கை அது. கோர்ட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா என்றேன். அவர் ரசீதுப் புத்தகத்தை இழுத்து வைத்து, திறந்து, மூடினார்.

“எனக்கு எதுக்கும்மா கோர்ட்டு கேசெல்லாம். அந்தத் தம்பி இந்த வருஷம் தேருக்குப் புதுத் துணி எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கு. கோயில் காரியம் பாரு. நீயும் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போயேன்.”

அம்மனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேச ஒரு மனுஷனால் எப்படி முடிகிறது? படகில் என்னோடு வருகிற பெண்களும் அதையேதான் சொன்னார்கள்: பெரிய இடம், மோதாதே, பாதியாவது கொடுத்துச் சமாதானமாகப் போ. எல்லாருக்கும் என் பணத்தில் பாதியைக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

வக்கீல் வைக்கக் கையில் காசில்லை. பான்சோடான் தெருவில் நடைபாதையில் தட்டச்சு மிஷின் வைத்துக்கொண்டு மனு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பர்மாக்காரரிடம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி, பதில் மனு அடித்து வாங்கினேன். கோர்ட்டில் என் பர்மாப் பெயருக்கு முன்னால் டோ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. நீதிபதி ஒரு பெண். ரசீது இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். அம்மன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். செயலாளர் பெயரைச் சொல்லவா என்று யோசித்தேன். கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் அந்த மனுஷன் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதற்குச் சாட்சியே இல்லாமல் நிற்பது மேல்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒன்று சொன்னார். இந்த அம்மாள் பெரியவரிடம் கூலிக்குத் தைத்தவர். அவர் கொடுத்தனுப்பிய பணத்தைக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டியிருப்பார். எடுபிடி வேலை செய்தவர், இப்போது அதையே தன் பணம் என்கிறார்.

இரண்டரை வருஷம் மீன் வாங்காமல், மகளுக்கு ஒரு புதுச் செருப்பு வாங்காமல் கட்டிய பணம். எடுபிடியாம். மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீலே தொடர்ந்து, பாதியைத் தவணையில் கட்டினால் வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

“ஒரு ப்யாகூடத் தர மாட்டேன்,” என்று பர்மிய மொழியில் சொன்னேன். ப்யா என்ற காசைப் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று. கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்குப் படகில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பணம் கடனுக்குக் கட்டியது இல்லை என்கிறான். சரி. அப்படியானால் அது என்ன பணம்? என் உழைப்பு, என் காசு, நான் கொண்டுபோய்க் கோயிலில் கட்டினேன். கடன் இல்லை என்றால் அது நான் போட்ட அன்னதானம். நான் போட்ட சோற்றுக்கு அவர் பெயர் எதற்கு? பலகையில் என் பெயரை எழுது.

அக்கரை சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் போன கையோடு கோயில் கமிட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். அதே கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழ்தான். இந்த இந்தப் பௌர்ணமிக்கு அன்னதானப் பணம் கட்டியவள் நான். பலகையில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் பெயின்ட்டு டப்பாவோடு நானே வருவேன். ஒரு பிரதியைச் செயலாளர் கையில் கொடுத்தேன். இன்னொரு பிரதியைச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒட்டினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலில் நல்ல கூட்டம்.

கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு ஆத்திரம், அவ்வளவுதான். பலகையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்றுதான் உண்மையாகவே கேட்டேன்.

கோயில் இரண்டுபட்டது. மகன் கமிட்டியிடம் போய், அப்பா பெயரில் கை வைத்தால் தேர்த் துணியும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று கத்தியிருக்கிறான். கமிட்டி கூடிப் பேசியது. ஆறாம் நாள் பதில் வந்தது. கோயில் முத்திரை, செயலாளர் கையெழுத்து, எல்லாம் கனஜோராக இருந்தது.

அன்று மாலை வீட்டில் மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பதிலைப் பிரித்து, வரிக்கு வரி திட்டிக்கொண்டே படித்தேன்.

“மேற்படி முப்பது பௌர்ணமிகளிலும் தாங்கள் நேரில் வந்து தங்கள் பணத்தைச் செலுத்தியது உண்மையே. ஆயினும் அத்தொகைகள், தாங்கள் பெரியவரிடம் வாங்கியிருந்த கடனை அடைக்கும் பொருட்டு, அவர் விருப்பப்படி அவர் பெயரில் செலுத்தப்பட்டவை. ஆகவே உபயதாரர் அவரே ஆவார். பலகையில் பெயர் மாற்ற இயலாது.”

“பாரு, எவ்வளவு கொழுப்பு. இயலாதாம்,” என்று கடிதத்தைத் தரையில் எறிந்தேன்.

மகள் வெங்காயத்தை வைத்துவிட்டு அதை எடுத்து என்னிடமே நீட்டினாள். “அமே, கடனைப் பத்தி ஒரு வரி வந்துச்சே, அதைத் திரும்பப் படி,” என்றாள், பர்மிய மொழியில்.

படித்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவள் கன்னத்தில் வெங்காயக் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பலகையைக் காப்பாற்றுகிற அவசரத்தில், நான் கெஞ்சியபோது சொல்லாததையெல்லாம் அந்த மனுஷன் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்துவிட்டார். பெயர் தரமாட்டேன் என்ற காகிதத்திலேயே என் வீடு இருந்தது. நான் அதைத் தரையில் எறிந்திருக்கிறேன்.

அதிகாரபூர்வமாக மொழிபெயர்த்து வாங்க ஒரு வாரக் கூலி போயிற்று. கோர்ட்டில் கொடுத்தேன். இந்தத் தடவை செயலாளரைக் கூப்பிடச் சொல்லி நானே கேட்டேன். சம்மன் போய் அவர் வந்து நின்றார். இது உங்கள் கையெழுத்தா என்று நீதிபதி கேட்டார். அவர் மகனைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஆமாம்,” என்றார்.

“இதில் எழுதியிருப்பது உண்மைதானா?”

“உண்மைதான். மாசாமாசம் அவங்கதான் வந்து கட்டுவாங்க. கடன் பணம்னுதான் கட்டுவாங்க.”

வக்கீல் அடுத்த தேதி கேட்டார். வெளியே தாழ்வாரத்தில் மகன் என் பின்னாலேயே வந்தான். வழக்குப் போட்ட நாளிலிருந்து கோர்ட்டுக்குள் என்னைப் பிரதிவாதி என்றே சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

“அத்தை, பேசித் தீத்துக்கலாம்.”

“பேசு. ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி. கடன் தீந்துச்சா, இல்ல பலகையை இறக்கவா?”

அவன் கண் கலங்கியிருந்தது. “அப்பா பேரு இருக்கட்டும் அத்தை.”

“இருக்கட்டும். அந்த மனுஷனுக்காக இருக்கட்டும். உனக்காக இல்ல.”

அடுத்த தேதியில் வழக்கை வாபஸ் வாங்கினான். பத்திரத்தை நீதிபதி முன்னாலேயே என் கையில் கொடுத்தான். போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. எட்டு நாள் வேலை கெட்டது, படகுக் கட்டணம், மனு எழுதின கூலி, மொழிபெயர்ப்புக் கூலி எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை நீட்டினேன். நீதிபதி படித்துப் பார்த்து, நியாயம்தானே என்று அவன் பக்கம் திரும்பினார். தாழ்வாரத்தில் வைத்து எண்ணிக் கொடுத்தான். நானும் அவன் எதிரிலேயே எண்ணி வாங்கினேன். இந்தத் தடவை எனக்குக் கூச்சமே வரவில்லை.

அந்தப் பணத்திலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போனேன். கவுண்டரில் செயலாளர் என்னைக் கண்டதும் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல், பழைய பழக்கத்தில் பெரியவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டார்.

“அடிங்க அதை,” என்றேன். “என் பேர்ல போடுங்க.”

அவர் அந்தத் தாளை அடித்துவிட்டு அடுத்ததைத் திருப்பினார். “எந்தப் பேரும்மா? பர்மாப் பேரா?”

“எங்க அம்மா வச்ச பேரு.”

எழுதினார். கிழித்துக் கொடுத்தார். நான் உள்ளே போய், சரியாக அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். சாம்பார் வாளி வந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன், மூன்றாவது தடவையும் கேட்டேன். பரிமாறுகிறவர் முறைத்தார். “போடுங்க,” என்றேன்.

முப்பது ரசீதை அடுத்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். முப்பத்தோராவதை மிஷின் இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.